தூசி என்று துடைக்கப்பட்ட மச்சம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

இறைவன் திருவருளால் இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணனும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உடலிலும் உள்ளத்திலும் குறையேதுமின்றி இருக்க வேண்டும் என்று விடியற்காலைப் பாராயணத்தின் முடிவில் உங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்ற சொல்லைச் சென்ற கடிதங்களில் எல்லாம் வழக்கத்துக்காக எழுதினேன், இந்த முறை அதை எழுதும்போது பேனா தயங்கவில்லை. அது ஏன் என்று சொல்லவே இக்கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அம்மா பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறாள், அவள் காதுபட அவளைப் பற்றியே பேசுவது அழகல்ல, தவிரவும் என் குரல் பாதியில் நின்றுவிட்டால் நீ அங்கே பதறிப்போவாய். தாளில் எழுதினால் நின்று நிதானித்து எழுதலாம்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா இப்போது சுவரையும் சன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரை தானாக நடக்கிறாள். வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. உன் அண்ணன் பேருந்துப் பணிமனையிலிருந்து வந்ததும் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுகிறான். அவன் கையில் இத்தனை மென்மை இருந்தது இந்த நோய் வந்துதான் எனக்குத் தெரிந்தது, அதற்கும் நான் இறைவனுக்கு நன்றி சொல்லியாயிற்று. பக்கவாதம் கொண்டுபோனவற்றில் சிறிதும் திரும்பி வராமல் இருந்தது அவள் பேச்சு ஒன்றுதான். மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தில் அமர்ந்து, யார் யாருடைய அவசரத்தையோ யார் யாருடைய காதுக்கோ கொண்டுசேர்த்த குரல் அது. அந்தக் குரலில் ம் என்ற ஒலி மட்டும் மிஞ்சியிருந்ததை நீ உன் திரையில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் கவனித்தேன் சிட்டு, சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் ஒரு யோசனை சொன்னாள் என்று உனக்கு முன்பே எழுதியிருந்தேன். அம்மாவுக்கு நெருங்கியவர்களின் படங்களை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சேர்த்து, அவர்களோடு தொடர்புள்ள சின்னச் சின்னப் பொருள்களையும் அந்தப் பக்கத்திலேயே வைத்து, தினமும் தொடுதிரை டேப்பில் காட்டிக்கொண்டே இருங்கள், முகம் பழகப் பழகப் பெயர் நாக்குக்கு வரும் என்றாள். டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்று நீ சொன்னாயே, அதுதான். நீ உடனே ஒரு படத்திருத்தப் புரோகிராமை வாங்கி என் கணினியில் இருக்கும்படி செய்தாய். நான் அதைத் திறந்து பார்த்தேன். நாலாபுறமும் கருவிப்பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு பெட்டி; இதைக் கற்றுக்கொள்வதற்குள் உன் அம்மாவுக்கே பேச்சு வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைத் திட்டிவிடுவாள் என்று தோன்றியது. உன் அண்ணன் எட்டிப்பார்த்தான். எதுக்குப்பா இந்தக் கஷ்டம், போன்ல ஒரு ஆப் இருக்கு, படத்தைப் போட்டுத் தட்டினா அதுவே பூவும் பார்டரும் வச்சுப் பக்கத்தைக் கட்டிக் கொடுத்துடும், நீங்க டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள முடிஞ்சிடும் என்றான். உண்மையிலேயே டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நீ அன்போடு அனுப்பியதை மூடி வைத்துவிட்டு எளிதானதைத் தேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்தே நன்றி.

பக்கங்கள் கண்ணைப் பறித்தன என்றே சொல்ல வேண்டும். பழைய படங்களில் படிந்திருந்த மங்கல் போய், முகங்கள் எல்லாம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் போல இருந்தன. உன் பெரியம்மாவும் அம்மாவும் படகுத்துறைப் படிக்கட்டில் காற்றில் முடி பறக்க உட்கார்ந்திருக்கும் படம் உனக்கு நினைவிருக்கும். அதற்குத்தான் முதல் இடம் கொடுத்தேன். பெரியம்மாவின் தையற்கடையிலிருந்து தபாலில் வரவழைத்த நான்கு துளைப் பொத்தான், அவர் கையால் எழுதிய அளவுச் சீட்டு, அவர் தைத்த அம்மாவின் பழைய கோட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஓரத்தில் வைத்தேன். ஒரு புள்ளித் தூசிகூட இல்லாத பக்கம் என்று பயிற்சிப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தச் சொல்லை நீ நினைவில் வைத்துக்கொள்.

அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைத் தவிர வேறொன்றும் நிகழவில்லை. தன்னோடு ஒரே தட்டில் உண்டு வளர்ந்த உடன்பிறப்பை, வழியில் எதிர்ப்பட்ட யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் டேப்பை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பயிற்சிப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பேச்சு மட்டும்னு நெனச்சோம், முகமே அடையாளம் தெரியலன்னா அது வேற விஷயம்பா, டாக்டர்கிட்ட இன்னொரு ஸ்கேனுக்குக் கேட்டுப் பாருங்க என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் உள்ளே வந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். பேசாவிட்டால் போகிறது, என் பாராயணத்துக்கு ம் சொல்லிக்கொண்டிருந்தால் போதும் என்று மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன்; ஆனால் நம்மை எல்லாம் அறியாதவளாக அவள் நம் நடுவே வாழ்வதானால் அதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. அந்த நாள்களில் நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்றேன். உன்னையும் அவள் அப்படிப் பார்த்துவிடுவாளோ என்ற அச்சம்தான், வேறில்லை.

இனி நடந்ததைக் கேள். உன் அண்ணனுக்குப் பணிமனையில் விடுமுறை. விடாப்பிடியாக டேப்பை அம்மாவின் மடியில் வைத்து, அம்மா, உங்க அக்காம்மா, நல்லாப் பாருங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அம்மா இடது கையின் விரலால் பெரியம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். படத்தைப் பெரிதாக்கச் சொல்கிறாள் என்று அவன் பெரிதாக்கினான். மறுபடியும் அதே இடத்தில் தட்டினாள். இன்னும் பெரிதாக்கினான். கன்னம் மட்டும் திரை முழுதும் நிறைந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டில் நேரம் குறிக்க நான் வைத்திருக்கும் பேனாவை எட்டி எடுத்து, திரையின் கண்ணாடிமேலேயே ஒரு புள்ளி வைத்தாள். உன் அண்ணன் ஐயோ ஸ்கிரீன் என்று துடைக்கப் போனான். அவன் கையில் ஒரு அடி கொடுத்துவிட்டு, அதே இடத்தில் இன்னும் அழுத்தி வைத்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கன்னத்தில், உதட்டுக்குச் சற்று மேலே. உன் பெரியம்மாவின் மச்சம். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் அம்மா தன் அக்காவை மிளகு, மிளகு என்று கூப்பிட்டு வீடு முழுக்க ஓடவிட்டாள் என்று உனக்கே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அலமாரியைத் திறந்து காகிதப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த ஆப் மச்சத்தைத் தூசி என்று துடைத்திருந்தது. அத்தோடு நிற்காமல் கன்னத்துச் சுருக்கத்தை இழுத்து, சற்றே சாய்ந்த இடக்கண்ணை நேராக்கி, பல்வரிசையை வெளுத்து, யாருடைய அக்காவாகவும் இருக்கத்தக்க ஒரு பெண்ணைப் படகுத்துறையில் உட்கார வைத்திருந்தது. வீட்டில் மூளை நலமாக இருந்த நாங்கள் இருவரும் அதைக் காணவில்லை. நோயுற்றவள் என்று நாங்கள் எண்ணியவள்தான் முதல் நாளே கண்டாள். மறந்தவள் அவள் அல்லள். பழம்பாடல்களில் வளை நெகிழ்ந்ததைப் பார்த்தே தோழி தலைவியின் மனத்தை அறிந்துகொள்வாள். அவற்றை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, பக்கத்தில் இருப்பவள் விரலால் தட்டிச் சொன்னது விளங்கவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன், என்னப்பா ஆச்சு, பிரஷரா என்று தண்ணீர் கொண்டுவர ஓடினான். பிரஷர் இல்லடா, நன்றி என்று சொல்ல நினைத்தேன், அந்நேரம் எனக்கும் பேச்சு வரவில்லை.

அதன்பிறகுதான் நீ கொடுத்த புரோகிராமை மறுபடி திறந்தேன். உனக்கு நினைவிருக்குமே, வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் போனில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஏதோ ஒரு கண் குறியை நான் அமுக்கிவிட, குடும்பமே காணாமல் போய்விட்டது என்று நான் அலற, அப்பா அது லேயர், மறைஞ்சிருக்கு அவ்வளவுதான், திரும்ப அமுக்குங்க, உங்க டிரேசிங் ஷீட் மாதிரிதான்பா என்றாய். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். தெருவை ஒரு தாளில், குழாயை ஒரு தாளில், சாக்கடையை ஒரு தாளில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து வேலை பார்த்தவன். மேல் தாளில் என்ன கிறுக்கினாலும் அடித்தாளில் தெரு தெருவாகவே இருக்கும். உன் புரோகிராமும் அப்படித்தான். கிழிசலை ஒட்டினால் அது தனி லேயர், பூ வைத்தால் அது தனி லேயர், அடியில் உள்ள மூலப்படம் தொடப்படாமல் கிடக்கிறது. நான் சொல்லாத எதையும் அது செய்வதில்லை. போனில் இருந்த அந்த ஆப் கெட்டது என்று சொல்லமாட்டேன், வாழ்த்து அட்டைக்கு அது போதும். உன் அண்ணனும் நல்ல மனத்தோடுதான் காட்டினான், அவனை நீ கேலி செய்யக் கூடாது. ஆனால் ஒருவரை நினைவில் வைப்பதற்கு அது உதவாது. வீரன் மார்பின் தழும்பைப் புகழாகப் பாடிய மொழி நம்முடையது. இறைவனைப் பாடிய அடியார்களும் அவன் கழுத்தின் கறையை மறைக்கவில்லை, அதைச் சொல்லித்தான் அவனை அழைத்தார்கள். கறையைத் துடைத்துவிட்டால் எதைச் சொல்லி அழைப்பது?

ஒவ்வொரு படத்தையும் மூலத்திலிருந்து மீண்டும் ஸ்கேன் செய்தேன். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. படகுத்துறைப் பக்கம் முடிந்ததும் டேப்பை அவள் மடியில் வைத்தேன். அம்மா நெடுநேரம் பார்த்தாள். கீழுதட்டை உள்ளே இழுத்து, ம் என்று தொடங்கி, அதை விடாமல் பிடித்துக்கொண்டு, மிளகு என்றாள். ழகரம் ளகரம் எல்லாம் பயிற்சிப் பெண் பிறகு பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு அது குறையில்லாமல் கேட்டது. உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். முட்டிவலியால் வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் அழுதுவிட்டு, இந்த மச்சத்தை எடுத்துடணும்னு நானே ரெண்டு டாக்டரைப் பாத்தேன், நல்லவேளை எடுக்கல, எடுத்திருந்தா என் தங்கச்சிக்கு நான் யாரோ தானே என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படங்களையும் மூலத்திலிருந்து எடுத்த நான், என் படம் ஒன்றை மட்டும் பழைய ஆப் கொடுத்தபடியே விட்டிருந்தேன். அதில் என் முன்நெற்றியில் முடி சற்று அடர்த்தியாக வந்திருந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்த படம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்றுக் காலை அந்தப் பக்கம் வந்தது. அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டைவிரலால் படத்தின் தலைமுடியை மூடிப் பார்த்தாள், விரலை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்து, யாரு இந்த ஆளு என்றாள். சொல்லிவிட்டு, வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலேறச் சிரித்தாள். உன் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் என்னைக் கேலி செய்வதற்கென்று அமைந்தது. இதைவிடப் பெரிய வரத்தை நான் எந்தப் பாராயணத்திலும் கேட்டதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படத்தை எடுத்துவிட்டு, வழுக்கையோடு உள்ளதை வைத்தேன். ம் என்று ஒப்புதல் கொடுத்தாள்.

இதற்கெல்லாம் உனக்கு நன்றி சொன்னால், அப்பா என்ன மூன்றாம் மனிதரைப் போல என்று கோபிப்பாய். கோபித்துக்கொள், நான் சொல்லத்தான் செய்வேன். அப்பாவுக்கு எது கைவரும் என்று அத்தனை தொலைவிலிருந்து கண்டுபிடித்தவள் நீ. இனி நீ போன் செய்யும்போது சொல்லு பாக்கலாம், நான் யாரு என்று அம்மாவைப் பரீட்சை வைக்காதே. உன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு, வர வேண்டியது தானாக வரும். உன் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன், உன் போனும் தானாகவே முகத்தைப் பூசி மெழுகுகிறது. அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் ஒன்று எடுத்து அனுப்பு. தூக்கம் கெட்ட கண்ணானாலும், சைக்கிளிலிருந்து விழுந்த புருவத் தழும்பானாலும் அப்படியே வரட்டும். அந்தத் தழும்பை நீ முடியை இழுத்து மறைப்பாய், மறைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். எல்லாம் வல்லவன் உங்கள் இருவரையும் நீங்கள் இருக்கிறபடியே அறிந்து காத்தருள்வானாக.

உள்ளபடியே,
உன் அப்பா

பின்குறிப்பு: என் கையெழுத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதே, அது பேனா கசிந்ததன்று. என்ன எழுதினேன் என்று அறியாமல் அம்மா விடவில்லை; கடிதத்தைப் படித்துக் காட்டியதும் தாளை வாங்கித் தன் கையால் வைத்தாள். தூசி என்று துடைத்துவிடாதே.