கரைக்காவலை விட்ட காரணம்

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

நம் குப்பம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நீ வந்துபோய் மூன்று வருடம் ஆகிறது, இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. மெயின் ரோட்டிலிருந்து கரை வரைக்கும் தார் போட்டுவிட்டார்கள், இரண்டு பக்கமும் ரிசார்ட், சவுக்குத்தோப்பு இருந்த இடத்தில் நீச்சல்குளம், நாம் வலை காயவைத்த மணலில் கலர் குடையும் நாற்காலியும். சனி ஞாயிறானால் சென்னைக் கார், பெங்களூர்க் கார் நிற்க இடமில்லை, குதிரைச் சவாரி, கல்யாண ஜோடிகள் போட்டோ என்று கரை முழுக்க சத்தம். அம்மாவும் சாயங்காலத்தில் மீன் வறுத்து விற்கிறாள், எண்ணெய் தெறித்த கை ஆறிவிட்டது. முகத்துவாரத்தை ஒட்டித் தண்ணீர் உள்ளே இழுக்கும், வருகிறவர்களுக்கு அது தெரியாது. அங்கே யாரும் இறங்காமல் பார்க்கத்தான் ரிசார்ட்டில் எனக்கு விசிலும் மஞ்சள் சட்டையும் கொடுத்தார்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று நீ அழுததற்காகச் சேர்ந்த வேலை.

அதை விட்டுவிட்டேன் கண்ணு. காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து காலேஜ் பையன்கள் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு தடவை விசில் ஊதி மேலே ஏற்றினேன். அப்போது மேனேஜர் அலெக்ஸ் வந்து, ரிசார்ட் கேட்டாண்ட கார் மாட்டிக்கினு நிக்குது, ஜல்தியா வந்து ஒதுக்கிவுடுங்க என்றார். பசங்க தண்ணியாண்ட நிக்கிறாங்க சார் என்றேன், அஞ்சு நிமிசம்தானே என்றார். போனேன். கார்களை ஒதுக்கும்போது அண்ணா அண்ணா என்று ஒரு குரல் கேட்டது. கடைப்பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கடைசிக் காரையும் எடுக்கவைத்துவிட்டுத்தான் திரும்பினேன். செல்வகுமார் என்ற பையனை அலை கொண்டுபோயிருந்தது. நாலு பேர் குதித்துத் தேடினோம், ஒன்றரை மணி நேரம் கழித்து என் கையில்தான் கிடைத்தான். அவன் என்னைத்தான் கூப்பிட்டான் என்று கூட வந்த பையன்கள் அழுதுகொண்டே சொன்னார்கள்.

எட்டாம் நாள் அவன் அம்மா பாஞ்சாலி தனியாக பஸ் ஏறி வந்தாள், மல்லாட்டை மண்டியில் கடலை உடைக்கிறவள். இடத்தைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. நீங்கதான் எடுத்தீங்களாமே அண்ணா, எம்புள்ள யாரையாவது கூப்ட்டானாங்க என்று மட்டும் கேட்டாள். இல்லம்மா, சத்தமே இல்ல, ஒரே அலைல போய்ட்டான் என்றேன். அப்ப ரொம்ப பயந்திருக்க மாட்டான் இல்ல என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் ஏறும்போது என்னைக் கும்பிட்டாள் சூர்யா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே வேலையை விட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போன வாரம் திண்டிவனம் போனேன், பஸ் ஸ்டாண்டிலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொன்னால் என் மனசு ஆறும், அவள் எப்படித் தூங்குவாள். நீ நர்ஸ், எத்தனையோ தாய்மார்களைப் பார்த்திருப்பாய், என்ன செய்யட்டும் என்று எழுது. மறுபடி நம் குப்பத்து விருத்தாசலத்தின் படகில்தான் கடலுக்குப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்கு நீச்சல் கற்றுக்கொடு, தள்ளிப்போடாதே. உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசிகள். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் அப்பா,
தட்சிணாமூர்த்தி