பழைய பெட்டிக்குள் வேறு போர்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதனால் அந்த இரண்டு கேள்வியும் வேண்டாம். போனில் சொன்னால் பாதியில் நீ அழுது என்னையும் அழவைப்பாய். அதனால்தான் கடிதம்.

அப்பா போனபிறகு நோட்டீஸ் அடிக்கும் கடை உனக்கு எதற்கு, மூடிவிட்டு என்னிடம் வா என்கிறாய். அவருடைய கம்ப்யூட்டரை எடைக்கு எடுக்க ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளும் சொல்லிவிட்டாய். மதர்போர்டு போய்விட்டது, அந்த மாடல் இப்போது கிடைக்காது என்றாய். உன்மேல் தப்பில்லை. அது கத்தும் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்க்க நீ நம்பர் கேட்டாய், பெட்டிக்கு வெளியே ஒட்டியிருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

உன் சித்தப்பாவும் வந்து நின்றார். அண்ணி, அண்ணனோட இதுவும் போயிடுச்சு, எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க என்றார். எடைக்குப் போடுறதுன்னா முதல்ல உங்க வாயைப் போடுங்க, நல்ல கனம் இருக்கும் என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்தக் கோபத்தில்தான் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். பிரஷ்ஷால் தள்ளிப் பார்த்தால், போர்டின் நடுவிலேயே பேரும் நம்பரும் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. வெளியே ஒட்டியிருந்தது வேறு, இது வேறு. உன் அப்பா எப்போதோ போர்டை மாற்றி, பழைய பெட்டிக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்கு இந்தச் செலவு என்று கத்துவேன் என்ற பயம். கத்தியிருப்பேன்தான். இப்போது யாரிடம் போய்க் கத்துவது?

அந்த நம்பரை ரிப்பேர் கடைக்காரரிடம் போனில் சொன்னேன். சுவிட்ச் போட்டா எப்படிக்கா கத்துது என்று கேட்டார். நீளமா, விட்டு விட்டு என்றேன். இந்த நம்பர் போர்டு அப்படிக் கத்தினா போர்டு சாகலைக்கா, ரேம்தான் தகராறு, கழட்டித் துடைச்சு ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க என்றார். ரேம் என்று அவர் சொன்னது பட்டையாக இரண்டு இருந்தது. அடியில் வரிசையாக இருக்கும் மஞ்சள் பல்லை ரப்பரால் தேய்த்தேன். முதலாவதை மாட்டினேன், பழையபடி கத்தியது. அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினேன். ஒரே ஒரு சின்னச் சத்தம். திரை வந்துவிட்டது.

தையல்காரர் கேட்ட நோட்டீஸை ஒற்றை விரலால் அடித்தே கொடுத்துவிட்டேன். ஒரு பட்டைதான் வேலை செய்கிறது, ஆமையாகத்தான் நகர்கிறது. எனக்கும் அந்த வேகம் போதும்.

ஒரு குறை மட்டும். உள்ளே இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். ஒவ்வொரு தடவை போடும்போதும் ஏதோ பழைய வருஷத்துத் தேதி காட்டுகிறது. அந்த வருஷம் உன் அப்பா இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். புதுப் பேட்டரி வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். நீ வந்து மாற்று. என் கையால் மாற்ற மாட்டேன்.

எடைக்கு வருகிற ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் நன்றாக இருக்காது.

நீ நன்றாக இருக்கணும். என்னைக் கூட்டிப்போக வராதே. பார்க்க வா.

திறந்த கடையிலிருந்து,
உன் அம்மா