சாவு இல்லை என்று எழுதச் சொன்ன அப்பாவுக்கு

என் அன்பான அப்பா,

வியாழக்கிழமை பின்னேரமானால் என் போன் சும்மா கிடப்பதில்லை. இந்தக் கிழமை என்ன படம் வீட்டுக்கு வருகிறது என்று கல்லாற்றிலிருந்து கேட்கிறார்கள், வாழைச்சேனையிலிருந்து கேட்கிறார்கள், கனடாவிலிருந்தும் கேட்கிறார்கள். நீங்கள் போய்விட்டது தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். முதல் வரியில் அனுதாபம், அடுத்த வரியில் பட்டியல் எங்கே. கோபப்படுவதா சந்தோசப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு மாதத்தில் உங்களைப் பற்றித் தெரியவந்தவற்றை வைத்துப் பார்த்தால், இத்தனை வருசமாக ஒரே வீட்டில் யாரோடு இருந்தேன் என்றே குழம்பிப்போய் இருக்கிறேன். உங்களிடம் கேட்கத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு உங்கள் முகநூல் பக்கத்திலேயே போடுகிறேன். உங்கள் வாசகர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா பழுகாமத்து ஆள். கமநல சேவைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தியேட்டர் என்றால் பாலம் தாண்டி, பஸ் பிடித்து, மட்டக்களப்புக்குப் போகவேண்டும். வெள்ளாண்மை வெட்டுகிற காலத்தில் யாருக்கு அதற்கு நேரம்? அதனால் தியேட்டரில் ஓடி முடிந்து இணையத்துக்கும் ரீவிக்கும் வருகிற படங்கள்தான் எங்கள் பக்கத்தின் புதுப்படங்கள். எந்தப் படம் எப்போது வீட்டுக்கு வரும் என்று தேடிப் பிடித்து வியாழன்தோறும் பட்டியல் போடுவதும், வந்ததைத் திங்கட்கிழமைகளில் பார்த்து விமர்சனம் எழுதுவதும் அப்பாவின் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "வேலை" என்பீர்கள்.

மற்றவர்கள் படத்துக்கு நட்சத்திரம் போடுவார்கள். நீங்கள் போட்டதில்லை. கடைசி வரியில் "சாவு உண்டு" அல்லது "சாவு இல்லை" என்று எழுதுவீர்கள், அவ்வளவுதான். ஒரு படத்தில் நாய் செத்ததற்கு "சாவு உண்டு, நாய் மட்டும்" என்று எழுதினீர்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த வரியைப் பார்த்துத்தான் எத்தனையோ வீடுகளில் அன்றைக்கு என்ன படம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவைப் பார்த்து அலுத்த வீடுகள் நிறைய.

அந்த வரி அம்மாவால் வந்தது. சண்டைக் காலத்தில் வட்டைக்கு, வயல் பார்க்கப் போன அம்மாவின் தம்பி திரும்பி வரவே இல்லை. பிறகு ஒருநாள் நீங்கள் கொண்டுவந்து போட்ட படத்தில் ஒரு தம்பி செத்துப்போனான். அம்மா பாதியில் எழும்பிப் போனவர், ஒரு மாதம் ரீவி இருக்கும் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் முன்கூட்டியே பார்த்து, சாவு இல்லாத படங்களுக்கு மட்டும் அம்மாவைக் கூப்பிடத் தொடங்கினீர்கள். அம்மாவுக்குச் சொன்னதையே பிறகு ஊருக்கும் சொன்னீர்கள்.

உங்கள் பார்வை போனதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் அழுத்தம், பார்வை இனி வராது என்று டொக்டர் சொன்ன நாளிலும் வீடு வந்து நீங்கள் கேட்டது, "திங்கட்கிழமைப் படத்துக்கு என்ன செய்யிற?" என்றுதான். நான் கழுவாஞ்சிக்குடியில் வேலைக்குப் போய்விடுவேன், என் மனுசன் கத்தாரில். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மா மட்டும். அப்படித்தான் அம்மா உங்களுக்குப் படம் சொல்ல வந்தார்.

ஒருநாள் லீவில் நின்றபோது நீங்கள் கேட்பதும் அம்மா சொல்வதும் என் காதில் விழுந்தன.

"இப்ப என்ன நடக்குது?"

"ஒரு பொடியன் ஓடுறான்."

"கமரா எங்க நிக்குது?"

"கமராவ நான் எங்க கண்டன்? நான் பொடியனத்தான் பாக்கிறன்."

மாலையில் நான் வந்ததும் நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். உங்களுக்குக் கண் தெரியாமல் இருந்த அந்த இரண்டு வருசமும் ஒளிப்பதிவு பற்றி எழுதியதெல்லாம் அம்மாவின் கண். பல பேர் அதைப் பாராட்டினார்கள். நீங்கள் கூச்சமில்லாமல் நன்றி சொன்னீர்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரி பிழைக்கத் தொடங்கியது அப்பா. "சாவு இல்லை" என்று போட்ட படங்களுக்குக் கீழே ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கிற நஸீர் நானா வந்து, "அண்ணன், கடைசியில் தகப்பன் சாகிறாரே, நீங்கள் எந்தப் படம் பார்த்தீர்கள்?" என்று எழுதுவார். ஒன்றிரண்டு தடவை இல்லை, எத்தனையோ தடவை. நான் வாசித்துக் காட்டினால், "அவன் வேற படம் பாத்திருப்பான்" என்று நீங்கள் சொல்வீர்கள். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நஸீர் நானாவுக்குக் கடுமையாகவே பதில் எழுதியிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாமல்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சனம் போனபிறகு, பெரிய பானைகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மனே, நான் அவருக்குப் பொய் சொல்லிற்றன்."

"என்ன பொய்?"

"படத்தில ஆராவது செத்தா நான் சொல்றதில்ல. என்ட வாயால சொல்ல ஏலாது. அழுற சத்தம் கேட்டு என்ன நடக்குது எண்டு கேப்பார். சந்தோசத்தில அழுறாங்க எண்டுருவன். அவரு அத நம்பி எழுதி, சனத்துக்கிட்ட ஏச்சு வாங்கினவர். கண் தெரியாத மனுசன நான் ஏமாத்திற்றன்."

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. சாவு உள்ள படமென்றால் எழும்பிப் போகிற அம்மா, உங்களுக்குக் கண் போனபிறகு, முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லாமல், அத்தனை படத்தையும் முதல் ஆளாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த உங்களிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, அதைத் தட்டெழுதியிருக்கிறேன்.

அடுத்த கிழமை நஸீர் நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். அவரை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். அம்மாவோடு பக்குவமாகப் பேசிவிட்டு வெளிக்கிட்டவரை, மன்னிப்புக் கேட்பதற்காகப் படலை வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

"கோவமில்ல மகள்," என்றார். "நீங்க ஏசினதெல்லாம் வாசிச்சன். ஆனா என்ன எழுதச் சொன்னதே உங்கட அப்பாதானே. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நெனச்சன்."

"அப்பாவா சொன்னவர்?"

"படம் பாத்த அண்டைக்கே அண்ணன் கோல் எடுப்பார். 'நஸீர், கடைசியில ஆரு செத்த?' எண்டு கேப்பார். நான் செல்லுவன். பொறகு சிரிச்சிட்டு, 'எங்கட வீட்டில அவன் உசிரோட இரிக்கான் நஸீர்' எண்டு செல்லுவார்."

"தெரிஞ்சும் ஏன் பிழையா எழுதினவர்?"

"நானும் கேட்டன். 'நான் சரியா எழுதினா மகள் வாசிப்பாள், அது என்ட பொஞ்சாதிக்குக் கேக்கும், பொறகு அவ படம் சொல்ல வரமாட்டா. நீங்க கீழ வந்து பிழையெண்டு போடுங்க, ஆக்கள் ஏமாறக் கூடாது' எண்டார். நான் என்ன செய்ய? அவர்ட பக்கத்தில அவருக்கே எதிரியாகினன்."

அவர் போனபிறகும் நான் படலையைப் பிடித்தபடி நின்றேன். அப்பா, இது என்ன வேலை? நீங்கள் வாசகரை ஏமாற்றவில்லை, சரி. அம்மாவை? அம்மா உங்களை ஏமாற்றினார் என்றால், ஏமாறியதுபோல் நடித்த உங்களை என்னவென்று சொல்வது? பாசம் என்று நினைத்தால் பாசமாகத் தெரிகிறது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. என் கந்தோரில் கணக்குப் பிழைத்தால் எங்கே பிழை என்று தேடிப் பிடித்துவிடுவேன். இதில் எங்கிருந்து தேடுவதென்றே விளங்கவில்லை.

அம்மாவிடம் சொல்வதா விடுவதா என்று நாட்கணக்காக யோசித்தேன். சொன்னால் பொய் சொன்ன பாரம் குறையும். அதேநேரம், உங்களை ஒரு சாவும் அண்டாமல் பார்த்துக்கொண்டேன் என்று அவர் நினைத்திருந்தாரே, அதுவும் போய்விடும். சுவரில் இருக்கும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கேட்டும் பார்த்தேன். நீங்கள் வழக்கம்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கடைசியில் அம்மாவே என்னை மாட்டிவைத்தார். "மனே, அவர்ட பக்கத்தில ஒண்டு எழுது. அவரு பிழை விடல்ல, பொஞ்சாதிதான் பொய் சொன்ன எண்டு போடு. செத்தபிறகும் சனம் அவரப் பாத்துச் சிரிக்கக் கூடாது." கையில் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார், எழுதுகிறேனா என்று பார்க்க. எல்லாம் தெரிந்துகொண்டு அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அழுவார் என்று நினைத்தேன். இல்லை, எழும்பி நின்றார்.

"அப்ப, மீன் விலை கேக்கிறன் எண்டு போனத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போனதெல்லாம் இதுக்குத்தானா?"

"ஓம் அம்மா."

"அங்க சாவு இரிக்கு எண்டு தெரிஞ்சுதான் அடுத்தடுத்த கிழமையும் என்னக் கூப்பிட்டு இருத்தினவரா? நான் எத்தினயப் பாத்திருப்பன் தெரியுமா மனே? அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாதே, நான் பாக்காட்டி ஆரு பாப்பா எண்டுதானே பாத்தன். என்னப் பேய்க்காட்டிற்றார்."

நான்கு நாள் அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் தினமும் வைக்கிற தேத்தண்ணியை வைக்கவில்லை. ஐந்தாம் நாள் வைத்தார், சீனி போடாமல். நான் வேண்டுமென்றால் போட்டிருக்கலாம். போடவில்லை. அம்மா கேட்டதற்கு நீங்கள்தானே பதில் சொல்லவேண்டும், நான் ஏன் நடுவில் வரவேண்டும்? ஒருவேளை அம்மா சொல்கிற குரலைப் பக்கத்தில் இருந்து கேட்பதற்காகவா அவ்வளவும்? அப்படியென்றால் அதை வாய் திறந்து கேட்டிருந்தால் என்ன? படம் இல்லாமலே பேசிக்கொண்டு இருந்திருப்பாரே. இல்லை, அம்மா இப்படியாவது அந்தச் சாவுகளைப் பார்த்துப் பழகட்டும் என்று நினைத்தீர்களா? அதைத் தீர்மானிக்க நீங்கள் யார்? பாருங்கள், கடிதம் என்று தொடங்கி உங்களோடு சண்டைக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கடைசியாகச் சொல்லி நான் தட்டெழுதிய பட்டியல் அனுப்பப்படாமலே என் போனில் கிடந்தது. அதில் ஒரு படத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தீர்கள். மலையாளத்திலிருந்து தமிழில் மாற்றியது, கடலுக்குப் போகும் இரண்டு சகோதரர்களின் கதை. தியேட்டரில் எப்போதோ வந்த படம், உங்கள் கணக்குப்படி அன்றிலிருந்து இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வரவேண்டியது. நாள் தவறாமல் போன வெள்ளிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதை நான் போட்டேன். அம்மாவைக் கூப்பிடவில்லை. சகோதரர் கதை, கடல் வேறு, எனக்கே பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, உங்கள் கதிரைக்குப் பக்கத்தில், தான் எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருந்தார். நிறுத்தவா என்று கேட்டேன். "ஓடட்டும்" என்றார்.

படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி போன வள்ளம் திரும்பவில்லை. தமையன் நாட்கணக்காகக் கரையில் நின்றான். பிறகு ஆட்கள் ஓடுகிறார்கள், பெண்கள் கத்துகிறார்கள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. அம்மா உங்கள் கதிரைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி செத்திற்றான்," என்றார். "மண்ணில கிடத்தியிரிக்காங்க. தமையன் பக்கத்தில இருந்து தலையத் தடவுறான். கேக்குதா உங்களுக்கு? சந்தோசத்தில அழல்ல. அவன் செத்திற்றான்."

கொஞ்ச நேரம் கழித்து, "இவங்களுக்கு உடம்பாவது கிடைச்சிரிக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா அழுதார் அப்பா. உங்கள் சாவு வீட்டிலும் அவர் அப்படி அழவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். நடுவில் உங்கள் பெயரைச் சொன்னார். நீங்கள் இருந்த காலத்தில் அவர் வாயில் உங்கள் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. நான் கீழே இருந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவும் உங்களை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். திங்கட்கிழமைகளில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி எந்தப் படம் வீட்டுக்கு வந்தாலும், அதில் யார் செத்தாலும், அம்மா அதைத் தனியாகப் பார்க்கமாட்டார்.

நீங்கள் சொல்ல எழுதிய,
உங்கள் வீட்டில் இருக்கும்,
உங்கள் மகள்