செல்வராணி கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் விண்வெளிப் பயணம் பற்றிப் பேசினேன். என்னிடம் படித்து, இப்போது இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வராணி, ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். என் பேச்சு முடிந்ததும் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், மாசக்கணக்கா அங்க இருக்காகளே, பொம்பளைகளுக்கு மாசாமாசம் வருமே, அதுக்கு என்ன செய்வாக?"

ஆண்கள் சிரித்தார்கள். கூட்டத் தலைவர், "அடுத்த கேள்வி" என்றார். எனக்குப் பதில் தெரியும். அங்கேயும் இங்கே போலத்தான் வரும். பலர் மாத்திரை போட்டு நிறுத்திவைக்கிறார்கள். அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ராக்கெட் எரிபொருள் பற்றிக் கேட்டவருக்கு மட்டும் பத்து நிமிடம் விளக்கினேன்.

கூட்டம் முடிந்ததும் அவள் பின்னால் ஓடினேன். "செல்வராணி, செத்த நில்லு."

"இருக்கட்டும் டீச்சர், பஸ்ஸு போயிரும்." முகம் பார்க்காமல் ஏறிவிட்டாள்.

நாளை கம்பெனி வாசலுக்கே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் சிரித்தவர்கள் முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.