கேசரி கொடுத்து அடைத்த வாசல்

செவ்வாய் இரவு, மேற்கு மாம்பலம்.

படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

எதிர்ப் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் தெருவில் இருந்த வாசலை இன்று செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வேனும் ஆட்டோவும் தெருவை மறிக்கிறது என்று தெருச் சங்கம் கொடுத்த மனு பலித்துவிட்டது. இனி பிள்ளைகள் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போகவேண்டும். பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குடியிருக்கும் செயலாளர் மாமா வீடு வீடாகக் கேசரி கொடுத்தார். நானும் வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஒருத்தன் டேப்பை இழுத்து அந்தச் சுவரை அளந்துகொண்டிருந்தான். எதுக்குப்பா என்று கேட்டேன்.

"ஸ்கூல் இனிமே எங்கம்மா நிக்கும்? அந்தச் சந்துல ஃபயர் வண்டி பூராது. லைசென்ஸ் தரமாட்டாங்க. இங்க பெரிய அபார்ட்மென்ட் வரப்போவுது."

"இந்தக் குறுகல் தெருவுல அவ்வளவு உயரமா கட்ட விடமாட்டாங்களே?"

"அதான் தெருவ அகலமாக்கப் போறாங்கோ. இந்த முனைய கொஞ்சம் புடிம்மா."

யோசிக்காமல் பிடித்துக்கொண்டேன். அவன் டேப்பை இழுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்குள் நுழைந்தான். துளசி மாடத்தைத் தாண்டினான். எங்கள் வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

மாமாவுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் வீட்டில் விளக்கு எரிகிறது.

இப்போதுதான் உறைக்கிறது. தெருவை அகலமாக்க அவன் எங்கள் வரிசையை மட்டும்தான் அளந்தான். மாமா வீட்டுப் பக்கம் போகவே இல்லை.