நான் கூப்பிடாத பந்து

மே 10, சனி

இன்று றக்பியில் மூன்று ட்ரை, மூன்று தரம் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தேன். மூன்றும் வலது ஓரத்தால். கொட்டாஞ்சேனைக்கு வரும் பஸ்ஸில் முழங்கால் எரிந்தது, எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. ஓடத் தொடங்கிவிட்டால் என்னைப் பிடிக்க இந்த லீக்கில் ஆள் இல்லை. பெருமைக்கு எழுதவில்லை. அது அப்படித்தான்.

எங்களுக்குப் பயிற்சி தரும் பேர்னாட் சேர் மட்டும் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். "தனுஷியா, காலைத் தந்த ஆண்டவர் உனக்கு வாயைத் தரேல்லையோ?"

தந்தவர்தான். பூட்டித் தந்துவிட்டார்.

மே 13, செவ்வாய்

றக்பியில் பந்தைப் பின்னால்தான் எறியலாம். பந்து வைத்திருப்பவளுக்கு முதுகில் கண் இல்லை. பின்னால் ஓடி வருபவள்தான் "இங்கே, இங்கே" என்று கத்தவேணும். எனக்குச் சத்தம் தொண்டை வரை வருகிறது, அங்கேயே நிற்கிறது.

பள்ளிக்கூடத்திலும் இதுதான். எழுந்து வாசிக்கச் சொல்லும் நாட்களில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றேன். பிறகு எல்லா நாளும் வயிற்றுவலி. பத்தாம் வகுப்போடு சரி. இப்போது ஷபீகா ராத்தாவின் கடையில் துணி வெட்டுகிறேன். "வாங்கண்டு ஒரு சொல்லுச் சொன்னா பல்லு உழுந்துடுமா புள்ள?" என்று அவவும் கேட்கிறா.

மே 17, சனி

எங்கள் கப்டன் டோரின் அக்கா வழி கண்டுபிடித்துவிட்டா! அவ சிங்களம், ஆனால் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவ, சந்தைத் தமிழ் நல்லா வரும். "நீ கத்தாதே. நான் கத்துறது. இடம் சொன்னா இடப் பக்கம் வா. வலம் சொன்னா வலப் பக்கம் வா. மத்தவங்களுக்குத் தமிழ் விளங்காது, நே?"

எங்கள் அணியில் தமிழ் நான் ஒருத்திதான். இதுவரை எங்களோடு மோதிய அணிகளிலும் தமிழ் தெரிந்த ஒருத்தியும் இல்லை. நான் வாயே திறக்கத் தேவையில்லை. சொன்ன பக்கம் போய் நின்றால் பந்து வருகிறது.

ஜூன் 1, ஞாயிறு

வலம், ட்ரை. இடம், ட்ரை. மழை. மழைக்குள்ளும் ட்ரை.

ஜூன் 14, சனி

லீக்கில் அதிக ட்ரை என்னுடையது. சிறந்த வீராங்கனை விருது எனக்குத்தான் என்று எல்லாரும் கதைக்கினம். ஃபைனல் முடிந்துதான் தீர்மானிப்பார்களாம். கிடைத்தால் இருபது வயதுக்குட்பட்ட தேசியக் குழாமுக்கு நேரே போகலாம்.

எனக்கு அது வேணும். வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்கு வேணும்.

அம்மாவுக்கு விளையாட்டு ஒரு துளியும் விளங்காது. ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மைதானம் அதிரக் கத்துவா. இன்று நடுவரைப் பார்த்து, "தம்பி, என்ர பிள்ளையை இழுக்கிறாளவை, கண் தெரியேல்லையே?" என்றா. அந்தத் தொண்டையில் பாதி எனக்கு வந்திருந்தால்—

சேர் சொன்னார், "ஃபைனலில ஒருத்திக்குத் தமிழ் விளங்கினால் என்ன செய்வாய்?"

ஒருத்திக்கும் விளங்காது சேர். (மனதுக்குள்.)

ஜூலை 6, ஞாயிறு

நேற்று ஃபைனல். இன்றைக்குத்தான் கை எழுதுது.

டோரின் அக்கா முதல் தரம் "வலம்!" என்றதும் எதிரணியான வத்தளையில் ஒருத்தி சிங்களத்தில் தன் ஆட்களுக்குக் கத்தினாள், "தக்குணட்ட!" வலப் பக்கமாம். மூன்று பேர் எனக்கு முன்னால். அடுத்தது "இடம்!" அதற்கும் அவளே கத்தினாள். பந்தும் பறிபோனது. எழும்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம் தங்கச்சி. வத்தளையிலும் தமிழ் கதைக்கிறவை இருக்கினம்."

உஷாந்தி. அவளுடைய பெயர். கொழும்பில் இருந்துகொண்டு தமிழை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தோமே, எவ்வளவு மொக்கு வேலை!

இடைவேளையில் அவர்களுக்குப் பன்னிரண்டு, எங்களுக்குப் பூச்சியம். விருதும் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைச்சன். சேர் என் முகத்துக்கு நேரே குனிந்து, "இனி நீதான் கூப்பிட வேணும். வேற வழி இல்லை" என்றார். டோரின் அக்கா அழுகிற மாதிரி நின்றா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கதைச்சன். எப்படி வந்தது என்று தெரியாது. "அக்கா, நீங்களும் கத்தாதீங்க. ஒருத்தரும் கத்த வேண்டாம். பார்க்காமல் எறியுங்க. இவ்வளவு நாளும் நான் எந்தப் பக்கத்தால வாறனான் என்று உங்களுக்குத் தெரியும்தானே? நான் அங்க நிப்பன்."

"நிப்பியா?"

"நிப்பன்."

முதல் பந்து வெறும் புல்லில் விழுந்தது. ஒரு அடி பிந்திவிட்டேன். இரண்டாவது பந்து கையில் வந்து விழுந்தது, முன்னால் ஒருத்தியும் இல்லை. ட்ரை. உஷாந்தி சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நடுவில் நின்றாள். எங்களிடம் சத்தமே இல்லை. கடைசி நிமிடத்திலும் அப்படியே. ஓரத்தால் ஓடினேன், கோட்டைத் தாண்டி விழுந்தேன்.

பதினான்கு, பன்னிரண்டு. வெற்றி எங்களுக்கு.

ஜூலை 25, வெள்ளி

கொள்ளுப்பிட்டியில் ஹோட்டல். ஷபீகா ராத்தா தந்த நீலத் துணியில் அம்மா தைத்த சட்டை. சிறந்த வீராங்கனை: நான்! கேடயம் நினைத்ததை விடப் பாரம். மைக்கை நீட்டினார்கள். எங்கள் மேசையில் இருந்த அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்தார்கள், மண்டபமே சிரித்தது. "எறிஞ்சது டோரின் அக்கா" என்று மட்டும் சொன்னேன். போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாளை தேசியக் குழாமின் முதல் பயிற்சி. டோரின் அக்காவுக்கு வயது கடந்துவிட்டது, வர முடியாது. ஃபோனில் குரல் செய்தி அனுப்பியிருந்தா. "தனு, அங்க உனக்கு யார் எறியுறது?"

தெரியாது. இது ஒன்றுதான் பயம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

உஷாந்தியும் தெரிவாகியிருக்கிறாள். டோரின் அக்கா போல எனக்குப் பந்து எறியும் இடத்தில் அவள்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலப் பக்கம் எறிந்தாள். கையில் வந்து விழுந்தது.

புதுப் பயிற்சியாளர் விசிலை ஊதி நிறுத்தினார். யார் கூப்பிட்டது, யாருக்கு எறிந்தாய் என்று கேட்டார்.

"ஒருத்தரும் கூப்பிடேல்லை சேர்" என்று உஷாந்தி சிங்களத்தில் சொன்னாள். "அவள் அங்க இருப்பாள்."

நாளைக்கு வத்தளையில் இருந்து வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் பிடித்து வைக்கிறாளாம். நான் ஆமர் வீதியில் ஏறவேணும்.