சத்தத்தை எடுத்த பிறகு

ஜூலை 9, தங்கச்சிமடம்

மீன் ஆணம் கொதிக்கும்போது நோட்டீஸ் வந்தது. மீனவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிய 'கரைகாவல்' ஆப் மேல் சென்னைக் கம்பெனி ஒன்றின் புகார். படகு இலங்கை எல்லையை நெருங்கினால் போன் அலறுமே, அந்தப் பகுதியை எழுதியவன் எங்கள் குழுவின் இர்பான். அப்போது அவன் அங்கே வேலையில் இருந்தான். வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அது அவர்கள் சொத்தாம். அடப்பாவிகளா! ஊருக்கு இலவசமாகக் கொடுத்ததுக்குமா?

ஜூலை 11

குழுவில் நாள் முழுக்கச் சண்டை. எதிர்த்து நிற்போம் என்றேன். கேஸ் என்று போனால் மொத்த ஆப்பும் போய்விடும் என்றார்கள். கடைசியில், இர்பான் எழுதியதை எடுத்துவிட்டு, அதைப் பார்க்காத ஒருவர் புதிதாக எழுத வேண்டும் என்று முடிவு. பார்த்தவர் எழுதினால் காப்பி என்பார்களாம். நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். பார்க்காதது, புதிதாகச் சேர்ந்த, கடலாடி ஊர்ப் பானுப்பிரியா மட்டும். "பிள்ளைக்கு டெங்கு, அக்கா. ஆஸ்பத்திரில இருக்கேன். வந்து எழுதித் தாரேன்" என்றாள்.

ஜூலை 13

இர்பான் எழுதியதை நானே எடுத்தேன். 'சத்தம் வராது, திரையைப் பாருங்கள்' என்று சிவப்பில் போட்டேன். கடலுக்குப் போகும் என் அண்ணன் நவாஸ் காக்காவிடம் நேரிலும் சொன்னேன்.

"வலை இழுக்கையில எவன் போனப் பாப்பான்? எனக்குப் பழசப் போட்டுக் குடு."

அண்ணன் தங்கச்சி என்று பார்த்துக் கொடுத்தால் எங்கள் எல்லார் மேலும் கேஸ் வரும். முடியாது என்றேன். "நல்லா இருக்கு ஒங்க நியாயம்"னு போயிருச்சு.

ஜூலை 20

பானு இன்னும் ஆஸ்பத்திரியில். அந்தப் பகுதி எனக்கு வரி வரியாகத் தெரியும். ஒரு பொழுது போதும். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஜூலை 28

இலங்கை நேவிக்காரங்க பிடிச்சிட்டாங்க. யா அல்லாஹ். காக்காவை, படகோட. வலை இழுக்கையில நீவாடு, கடல் நீரோட்டம், எல்லைக்கு அங்கிட்டுத் தள்ளிருச்சாம். பக்கத்துப் படகு செல்லச்சாமி சொன்னாரு: "கத்திப் பாத்தேன்மா, காத்துல கேக்கல." நான் எடுக்காம இருந்தா போன் அலறியிருக்கும். அலறியிருக்கும்ல?

ஆகஸ்ட் 9

காக்காவுக்கு இலங்கையில் காவல் நீட்டிப்பு. காரணம் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17

பானு எழுதி அனுப்பிவிட்டாள். நல்ல எழுத்து, யாரும் குறை சொல்ல முடியாது. கம்பெனியும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜெயித்துவிட்டோம் என்று குழுவில் ஒரே வாழ்த்து.

போனில் அந்தச் சத்தத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். வீடே அதிர்ந்தது. உம்மா வந்து நின்றது.

"இத எழுத ஒனக்குத் தெரியாதா, சுஹா?"

"தெரியும்" என்றேன்.

உம்மா உள்ளே போயிருச்சு.